எஸ்பெராந்தோ நிரலுக்குப் பைத்தான் போதும், முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியின் சொற்களைப் பிரித்துக் காட்டும் நிரல் எழுதுகிறேன். பைத்தான் சுமாராகத் தெரியும். 'கொலேகோ' என்று கொடுத்தால் சக ஊழியர் என்று வராமல் 'பெரிய கழுத்து' என்று வருகிறது. ரஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழியைக் கற்றால்தான் சரியாகும் என்கிறது ஒரு பயிற்சி நிலையம். இன்னொருவர் ஏஐ வைத்துச் செய்து தர 40,000 ரூபாய் கேட்கிறார்.

பதில்: ரஸ்ட்டில் எழுதினாலும் அதே பெரிய கழுத்துதான் வரும், கொஞ்சம் சீக்கிரமாக வரும், அவ்வளவுதான்.

1887இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட இந்த மொழியில் பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும், பெயரடை 'ஆ'வில், பன்மைக்கு 'ய்', செயப்படுபொருளுக்கு 'ன்'. பின்னாலிருந்து வெட்டினால் வேர் கிடைத்துவிடும். உங்கள் நிரல் கொல் (கழுத்து), ஏக் (பெரிய), ஓ என்று மூன்றாக வெட்டுகிறது. கொலேக், ஓ என்று இரண்டாகவும் வெட்டலாம். எல்லா வழியிலும் வெட்டவிட்டு, துண்டு குறைவாக வருவதை முதலில் காட்டச் சொல்லுங்கள். 'சென்தேமா' மாதிரி சொல்லில் இதுவும் உதவாது: சென்த்-ஏம்-ஆ என்றால் எளிதில் உணர்ச்சிவசப்படுகிற, சென்-தேம்-ஆ என்றால் கருப்பொருளே இல்லாத, இரண்டிலும் மூன்று துண்டு. அங்கே இரண்டையும் காட்டிவிட்டு விடுங்கள், படிப்பவர் பார்த்துக்கொள்வார்.

வெட்டுவதற்கு முன்னால் ஒன்று. 'காய்' என்றால் 'மற்றும்', அது பன்மை இல்லை. 'லா' (ஆங்கில 'the' மாதிரி) பெயரடை இல்லை. 'என்' ('உள்ளே') என்ற முன்னிடைச்சொல்லில் 'ன்' வேற்றுமை உருபு இல்லை. இப்படிப்பட்ட சின்னச் சொற்களையும், யார், எங்கே, அப்போது வகையில் அட்டவணையாக வரும் 45 சொற்களையும் கையாலேயே பட்டியலிட்டு, முதலில் அதில் தேடுங்கள். ஆனால் அந்த 45இலும் சில 'ன்' ஏற்கும்: 'கீஎ' எங்கே, 'கீஎன்' எங்கே நோக்கி. பட்டியலில் நேராகக் கிடைக்காவிட்டால் மட்டும் 'ன்'னை எடுத்துவிட்டு, மிச்சத்தை அதே பட்டியலில் மறுபடி தேடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் வரிக்கு ஒரு தப்பு வரும்.

அப்புறம் எஸ்பெராந்தோவின் அந்தத் தொப்பி போட்ட எழுத்துகள் (ĉ, ĝ மாதிரி). நம் 'ொ' மாதிரியே அவற்றையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டாகவும் வைக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உள்ளே வாங்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள், பைத்தானிலேயே அதற்கு வசதி உண்டு. பகா எண் கண்டுபிடி, சரத்தைத் திருப்பிப் போடு என்று நான்கு வருடம் ஓட்டும் பாடத்திட்டத்தில் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கியிருந்தால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை.

40,000 கேட்பவரிடம் வேர்ப்பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல்லுக்கான எஸ்பெராந்தோ அகராதி, ரேத்தா வோர்த்தாரோ இணைய அகராதி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த ஆட்கள் பெரும்பாலும் அதை எடுத்து, மேலே ஒரு பொத்தானை வைத்து, ஏஐ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். மூலநிரல் தரமாட்டார்கள், நாளைக்கு ஒரு வேர் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கும் தனிக் காசு. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், மீதிப் பணத்துக்கு முன் மூலநிரலையும் வேர்க்கோப்பையும் எழுத்தில் கேளுங்கள்.