அணியில் இருக்கப் பிடிக்காத ஸ்டார் பிளேயரை வைத்துக்கொள்ள வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

விட்டுவிடுங்கள். ஆனால் விடுவதற்கு முன்னால் அவனுக்கு என்னதான் பிடிக்கவில்லை என்று ஒரு தடவையாவது கேளுங்கள். இந்த இரண்டு வரியோடு முடித்துவிட்டுப் போயிருக்கலாம். கேள்வியைப் பார்த்ததும் என் கடை டிராயரில் கிடக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீளும்.

நீங்கள் கேட்கிற தோரணையைப் பார்த்தால் ஏதோ இங்கிலீஷ் கிளப் ரசிகர் போலிருக்கிறது. ஸ்வீடன்காரர் இசாக் தன் கிளப் நியூகாசிலில் ஆட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டு கடைசியில் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போனாரே, அந்த மாதிரி ஒரு சூடு உங்களுக்கும் இருக்கலாம். முதலில் ஒன்று. அமெரிக்க விளையாட்டுகளில் நடக்கிற மாதிரி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது கால்பந்தில் அபூர்வம், பணத்துக்குத்தான் விற்பார்கள். அதில் கிளப்பின் கையில் இருக்கிற ஒரே பிடி ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் பாக்கி என்பதுதான். 1995 பாஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தால் வீரர் பாட்டுக்குக் கிளம்பலாம், பழைய கிளப்புக்குப் பைசா கிடையாது. பாரிஸ் கிளப் பி.எஸ்.ஜி. 18 கோடி யூரோ பேசி வாங்கிய எம்பாப்பே 2024-இல் அப்படித்தான் சும்மா ரியல் மாட்ரிட் போனார். (அடுத்த வருடமே அவர் இல்லாமல் பி.எஸ்.ஜி. இன்டர் மிலனை 5-0 என்று அடித்து ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வாங்கியது வேறு கதை.)

உடனே ஒருத்தர் வருவார், போகத் துடித்த கோல் அடிக்கிற ஆள் சுவாரஸை லிவர்பூல் பிடித்து வைத்து ஜெயிக்கவில்லையா என்று. தெரியும் சார். 2013-இல் ஆர்சனல் 4 கோடியே ஒரு பவுண்ட் என்று, அந்த ஒரு பவுண்டையும் சேர்த்துக் கேட்டது, லிவர்பூல் தர முடியாது என்றது, அவரைத் தனியாகப் பயிற்சி செய்ய வைத்தார்கள், அப்புறம் திரும்பி வந்து அந்த சீசன் லீக்கில் 31 கோல் போட்டார். இரண்டே புள்ளியில்தான் சாம்பியன் பட்டம் கைநழுவிப் போனது. அடுத்த வருடம் பார்சிலோனாவுக்கு இன்னும் பெரிய விலைக்கு விற்றார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் ரூனியும் 2010-இல் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதே வாரத்தில் புது ஒப்பந்தம் போட்டார். பக்கத்து வயல் மாடுதான் நல்ல மாடு என்று தோன்றும், போய்ப் பார்த்தால் அப்படி இருக்காது என்கிற மாதிரி அவர்கள் மேனேஜர் ஃபெர்குசன் அப்போது பேசினார், நம் ஊர் இக்கரைக்கு அக்கரை பச்சைதான். அந்த சீசன் மான்செஸ்டர் யுனைடெட்தான் சாம்பியன். ஆக, வைத்துக்கொண்டாலும் நடக்கும். ஆனால் அவர்களுக்கு சம்பளம் என்று ஒன்று இருந்தது, புது ஒப்பந்தம் என்று ஒன்றைக் காட்டிப் பேச முடிந்தது. என்னிடம் இருந்தது ஸ்டாம்ப் மட்டும்தான்.

எனக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. 2011 வாக்கில் மாவட்ட லீக் ஆடுகிற ஒரு டீமுக்கு நான் செயலாளர். செயலாளர் என்றால் பந்து வாங்குவது, வேன் பிடிப்பது, காயம் பட்டால் ஆட்டோவுக்குக் காசு கொடுப்பது. பிரீமியர் லீக்கையும் உன் தெரு டீமையும் ஒன்றாகப் பேசுகிறாயா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். மனக்கசப்பு மனக்கசப்புதான், பவுண்டில் இருந்தால் என்ன, ரூபாயில் இருந்தால் என்ன.

எங்களுக்கு ஒரு லெஃப்ட் விங், அதாவது இடது ஓரமாக ஏறி ஆடுகிறவன், இருந்தான். பத்தொன்பது வயசு, ஏற்காட்டில் காபி எஸ்டேட் லைன் வீட்டுப் பையன். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரம் ஏறி ஏறி அவன் காலே வேறு மாதிரி இருக்கும். ஓரக் கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டே இருப்பான், எதிரணியில் பேக் ஆடுகிறவன் இன்னும் வெளியே போவான் என்று நினைக்கிற நேரத்தில் வலது காலால் உள்ளே வெட்டுவான். சமதரையில் ஓடுகிறவர்கள் அப்படித் திரும்பினால் முட்டி போய்விடும். சனி ஞாயிறு மலை இறங்கி வந்து பயிற்சி, மேட்ச், ராத்திரி திரும்பிப் போய்விடுவான். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சீசன் தொடக்கத்தில் கடைக்கு வந்து நின்றான். "எனக்கு இங்க செட் ஆகலீங்ணா. என்.ஓ.சி. குடுத்துருங்ணா." அவ்வளவுதான் சொன்னான். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது "எந்த டீம்டா கூப்பிட்டான்?" என்றுதான். அவன் சொன்ன பேரைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த டீமை நடத்துவது என் சொந்தப் பங்காளி. எங்களுக்குள் ஒரு சுவர் தகராறு அப்போதே எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

என்.ஓ.சி. என்பது பெரிய விஷயம் இல்லை. லெட்டர்பேடில் இரண்டு வரி, 'இவர் வேறு அணியில் பதிவு செய்துகொள்ள எங்களுக்கு ஆட்சேபனை இல்லை', கீழே கையெழுத்து, சீல். அந்த சீல் டிராயரில் திருகாணி டப்பாவுக்குப் பக்கத்தில், ஊதா மை பேடோடு இருந்தது. பையன் அந்த டிராயரையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தராசைத் துடைத்துக்கொண்டே "சீசன் முடியட்டும் பார்க்கலாம்" என்றேன்.

பங்காளி ஆள் விட்டுப் பேசினான். ஐயாயிரம் ரூபாய், புது மேட்ச் பால் இரண்டு, அது போக அவன் டீமில் இரண்டாவது கோல்கீப்பராக உட்கார்ந்திருந்த ஒரு உயரமான பையனையும் தருகிறேன் என்றான். அபூர்வம் என்று மேலே சொன்னேனே, அந்த ஆளுக்கு ஆள் மாற்றம், செவ்வாய்ப்பேட்டையில் வாசல் தேடி வந்தது. எங்கள் கோல்கீப்பர் அப்போது கார்னர் என்றாலே கண்ணை மூடுகிற ரகம். 2018 ஜனவரியில் லிவர்பூல் கூட்டினியோவை பார்சிலோனாவுக்கு 14.2 கோடி பவுண்ட் வரை பேசி விற்றதே, முந்தின கோடையில் விட மாட்டேன் என்று சொன்ன அதே ஆளை. டிஃபன்ஸுக்கு வான் டைக்கும் கோல்கீப்பராக அலிசனும் அந்த வருடம்தான் வந்தார்கள், 2019-இல் சாம்பியன்ஸ் லீக் வாங்கினார்கள். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உயரமான பையன்தான் ஞாபகம் வருவான். எனக்கும் ஒரு அலிசன் கிடைத்திருப்பான். முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

பையன் மட்டம் போடவில்லை. எல்லா மேட்சுக்கும் வந்தான். பந்து வந்தால் ஒரு டச், பின்னால் பாஸ். உள்ளே வெட்டவே மாட்டான். திட்டலாம் என்று பார்த்தால் எதைச் சொல்லித் திட்டுவது, ஒரு தப்பும் செய்யவில்லையே. பத்துப் பேரை வைத்து ஆடுவதாவது பரவாயில்லை, காலி இடம் என்று தெரியும், மற்றவர்கள் அதற்கேற்ப ஓடுவார்கள். இங்கே காலி இடத்தில் ஒரு ஆள் நிற்கிறான். மிட்ஃபீல்டில் ஆடுகிற பையன்கள் வழக்கம்போல இடது பக்கம் தூக்கிப் போடுவார்கள், அது அப்படியே அவர்களிடம் திரும்பி வரும். நான்காவது மேட்சில் அவர்களும் அந்தப் பக்கம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள், பாதிப் பேர் அவனைப் பார்த்தார்கள், பந்தை யாரும் பார்க்கவில்லை.

அந்த மே மாதம் ஏற்காட்டில் ஒரு செவன்ஸ், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற போட்டி, ஆடப் போனோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் எங்கள் கோல்கீப்பர் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மைதானத்தில் பையன் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவன் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும். முதல் பாதியிலேயே இரண்டு கோல், இரண்டும் உள்ளே வெட்டி அடித்தது. இரண்டாம் பாதியில் மஞ்சு இறங்கி எதிர் கோல் போஸ்ட் மறைந்து, ரெஃப்ரி மேட்சை நிறுத்திவிட்டார். பையன் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் காபித் தோட்டத்துக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்து போனான். சிரித்துக்கொண்டே போனான். அவன் பல்லை நான் அந்த சீசனில் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

டீக்கடையில் அவன் ஊர்க்காரர் ஒருத்தர்தான் சொன்னார். "இன்னிக்குத் தூங்கிருவான் பாவம். சேலம் வந்தா பஸ் ஸ்டாண்டுலதானுங்களே படுக்கை?"

எனக்கு முதலில் புரியவில்லை. பயிற்சி முடிந்ததும் நான் ஒரு மீட்டிங் போடுவேன். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ஒழுக்கம், நேரம் தவறாமை, டீம் ஸ்பிரிட் என்று முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் போய்விடும். அவன் கொசுக்கடியில் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்துவிட்டு விடிகாலை முதல் வண்டியில் ஏறி, இறங்கியதும் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். ஒரு வருடத்துக்கு மேலாக. பங்காளி அவனுக்குக் காசு எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. பட்டறை மாடியில் படுத்துக்கொள் என்றிருக்கிறான், அவ்வளவுதான். என் பட்டறைக்கும் மாடி இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது சீலை எடுத்தேனா என்றால் இல்லை. மீட்டிங்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், நம் மாடியிலேயே படு என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்லீங்ணா" என்றான். அந்தச் சொல்லுக்குப் பிறகு பேச ஒன்றும் இருக்காது, உங்களுக்கே தெரியும். அப்போதாவது விட்டிருக்கலாம். பங்காளி முகம் கண் முன்னால் வந்து நின்றது.

சீசன் முடிந்ததும் அவன் என்.ஓ.சி. கேட்டுக்கூட வரவில்லை. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான், ஆட்டத்தையே விட்டுவிட்டான். எனக்கு ஐயாயிரமும் இல்லை, பந்தும் இல்லை, கோல்கீப்பரும் இல்லை.

நான் மட்டும்தான் காரணமா என்று கேட்டால் அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சி ஏன் அவ்வளவு நேரம் கழித்துத் தொடங்கியது? மைதானம் கிடைக்காது. எந்த மைதானம் என்று சொல்லப்போவதில்லை. சாயங்காலம் வரை நடுவில் கிரிக்கெட் ஆடுவார்கள், நான்கு டீம், நான்கு டென்னிஸ் பந்து, ஒருத்தன் ஃபீல்டர் இன்னொருத்தனுக்கு அம்பயர். அவர்கள் கிளம்பினால்தான் நாங்கள் இறங்க முடியும். கோடையில் பொருட்காட்சி போடுகிறேன் என்று ஒன்றரை மாதம் அடைத்துவிடுவார்கள், போகும்போது பந்தல் குழியை மூட மாட்டார்கள், ஆணியைப் பொறுக்க மாட்டார்கள். ஒரு தடவை அரை வாளி ஆணி பொறுக்கிக் கொண்டுபோய் சம்பந்தப்பட்டவர் மேஜையில் கொட்டினேன். "எடைக்குப் போட்டா காசு வரும் சார்" என்றார். இதெல்லாம் நீங்கள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான்.

உங்கள் கிளப் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் மூன்று வருடம் பாக்கி இருந்து, பிரச்சினை சம்பளமோ ஆடுகிற இடமோ என்றால் ஒரு சீசன் வைத்துப் பார்க்கலாம், சுவாரஸ் மாதிரி. ஒரு வருடம்தான் பாக்கி என்றால் இந்தக் கோடையிலேயே விற்கட்டும், பதிலுக்கு நல்ல ஆள் வருகிறானா என்று பார்க்கட்டும். வாங்க வருகிறவன் பரம எதிரி என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் நிர்வாகம் முறுக்கிக்கொண்டு நின்றால், அங்கேயும் ஒரு செவ்வாய்ப்பேட்டைக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரிய டீம் எதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பையன்கள் பதினைந்து பேரை வைத்து ஆட விடுகிறேன். நோட்டில் பேர், வயசு, பொசிஷன், அதற்கடுத்து வீட்டுக்குப் போக எந்த பஸ் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். மீட்டிங் கிடையாது. போன வாரம் மழையில் லேட்டாகிவிட்டது, ஓமலூர் பையனை நானே வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. பெட்ரோல் என்ன விலை விற்கிறது என்று ஆரம்பித்து இப்போது பழைய சுவர் தகராறு வரை வந்து நிற்கிறது.