12 லட்சம் ஆஃபரும் ஜூன் மாதக் குறுவைச் செலவும்

கேள்வி: எனக்கு 31 வயது, சொந்த ஊர் தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம். சென்னையில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில் ப்ராஜெக்ட் லீடாக 4 வருடம் 3 மாதமாக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 8.5 லட்சம், பேசிக் 35,000, கைக்கு வருவது 60,000. ப்ராடக்ட் மேனேஜர் ஆக வேண்டும் என்பது ஆசை. சின்ன மென்பொருள் கம்பெனி ஒன்று 12 லட்சத்துக்கு அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் வேலை தருகிறது. அதில் 8.4 லட்சம் நிலையான சம்பளம், 1.2 லட்சம் வேரியபிள், 2.4 லட்சம் பங்குகள். இன்னொரு யோசனையும் உண்டு. வேலையை விட்டுவிட்டு, 2.75 லட்சத்தில் ஆறு மாத கோர்ஸ் படித்துப் பெரிய கம்பெனியில் முயற்சி செய்யலாம். வட்டியில்லா இஎம்ஐ என்கிறார்கள், மனைவியின் நகையும் இருக்கிறது. கையில் சேமிப்பு 1.4 லட்சம். அப்பா பன்னிரண்டு மா நிலத்தில் (சுமார் நாலு ஏக்கர்) நெல் சாகுபடி செய்கிறார், குறுவைக்கு வருஷா வருஷம் நான் 60,000 அனுப்புவேன். மார்ச் முதல் வாரம் ராஜினாமா கொடுக்கலாமா? நோட்டீஸ் மூன்று மாதம்.

பதில்: கோர்ஸ் வேண்டாம். நகையை பீரோவிலிருந்து எடுக்கவே வேண்டாம். இரண்டு விஷயம் சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கம்பெனிக்குப் போங்கள்.

முதலில் சம்பளக் கணக்கு. 12 லட்சம் என்று காதில் விழுந்தாலும் உங்கள் வங்கிக் கணக்கில் விழப்போவது 8.4 லட்சத்திலிருந்துதான். அதாவது இப்போது வாங்கும் அதே பணம். வேரியபிள் கம்பெனி நன்றாக ஓடினால் வரும், அதை வீட்டு பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். பங்குகள் பெரும்பாலும் நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும். முதல் வருடம் முடியும் முன் விலகினால் பொதுவாக ஒன்றும் கிடையாது. பங்குச் சந்தையில் பட்டியலிடாத கம்பெனிப் பங்கை நினைத்த நேரத்தில் விற்கவும் முடியாது. நம் திருச்சிக்காரர் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஊழியர்கள் பலர் கோடீஸ்வரர் ஆனார்கள், உண்மைதான். ஆனால் 36 டாலருக்கு வெளியான அதே பங்கு பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. நன்றாக நடந்த கம்பெனியின் கதையே இப்படி என்றால், உங்கள் 2.4 லட்சத்துக்கு நான் இப்போதைக்குப் பூஜ்யம்தான் போடுவேன்.

அப்புறம் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஐந்து வருடம் முடித்துவிட்டுப் போனால் உங்கள் பேசிக் 35,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு 1,00,961 ரூபாய் வரும். நாலரை வருடத்தில் கிளம்பினால் அது போச்சு. கையில் வரும் சம்பளம் உயராத இடத்துக்கு ஒரு லட்சத்தையும் இழந்துவிட்டு வருகிறேன் என்று புது கம்பெனியிடம் நேராகச் சொல்லி, ஜாயினிங் போனஸ் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்படியும் ஏன் போகச் சொல்கிறேன்? ஏஜென்சியில் நேரத்தை விற்கிறோம். தளத்தை கிளையண்டிடம் ஒப்படைத்து இன்வாய்ஸ் போட்டதோடு கதை முடிந்தது. ப்ராடக்ட் வேலை அங்கேதான் ஆரம்பம். வெளியிட்ட வசதியை எத்தனை பேர் மறுவாரமும் பயன்படுத்தினார்கள், எங்கே விட்டுவிட்டுப் போனார்கள், எதைத் தூக்கி எறியலாம் என்று மாதக்கணக்கில் அதோடேயே கிடக்க வேண்டும். பெரிய கம்பெனி இன்டர்வியூவில் கேட்பது இதைத்தான். கோர்ஸ் சான்றிதழில் இதற்குப் பதில் இருக்காது, இரண்டு வருட வேலையில் இருக்கும். தரவுகளைத் தேடி எடுக்க உதவும் எஸ்க்யூஎல் வேண்டுமா, இலவசமாகவே படிக்கலாம். அந்த வட்டியில்லா இஎம்ஐ பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பாதியில் கோர்ஸை விட்டாலும் தவணை நிற்காது. மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரியாக இருக்க வேண்டிய இரண்டில் ஒன்று, அடுத்து என்ன செய்வது என்பதை அங்கே யார் முடிவு செய்கிறார்கள் என்பது. ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் செய்து கொடுப்பதுதான் வழக்கம் என்றால், பதவிப் பெயர் மாறிய ஏஜென்சி வேலைதான் அது. மற்றொன்று, கையிலிருக்கும் பணத்தில் எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும் என்பது. இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத கம்பெனியில் சேர வேண்டாம்.

இனி ஜூன். உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது இதுதான். மார்ச்சில் கடிதம் கொடுத்தால் ஜூன் முதல் வாரம் வெளியே வருவீர்கள். கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, கணக்கு முடிக்கும்போது சேர்த்துத் தருவது பல இடங்களில் வழக்கம். ஆக, ஏப்ரல் சம்பளத்துக்குப் பிறகு ஜூன் கடைசி வரை கைக்கு எதுவும் வராமல் போகலாம். நடுவில் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் அப்பாவுக்கு உழவு, நடவு, உரம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். உங்கள் 1.4 லட்சம் இந்த இடைவெளிக்குத்தான். சென்னை வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

குறுவைக்கு இந்த வருஷம் அப்பாவை தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுக்கச் சொல்லுங்கள். தவணை தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. சிட்டா, அடங்கல் எல்லாம் ஏப்ரலிலேயே வாங்கி வைத்தால் கடைசி நேர அலைச்சல் இல்லை. அறுவடை மழையில் மாட்டி ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கும், பணமும் தள்ளிப்போகும். அதனால் கடன் தேதி நெருங்கும்போது உங்கள் புதுச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எப்படியும் அனுப்பும் 60,000 தானே, ஜூனில் போவதற்குப் பதில் நாலைந்து மாதம் கழித்துப் போகட்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (உங்கள் பிஎஃப் அடையாள எண்) புது கம்பெனிக்கு மாற்றுங்கள். ஐந்து வருடம் முடியும் முன் எடுத்தால் வரி வரும். சம்பள வரியைப் பற்றிக் கவலை வேண்டாம், புதிய முறையில் 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி இல்லை. கம்பெனி மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அம்மா அப்பாவுக்கு அதை மட்டும்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால், ராஜினாமா கடிதத்துக்கு முன்னாலேயே தனி பாலிசி எடுத்துவிடுங்கள்.