காது மடலை அழுத்தினால் உள்ளே என்ன தெரியும்?

கேள்வி: காதில் சீழ் வடிந்ததற்காக மருத்துவரிடம் சென்றேன். அவர் கருவியால் உள்ளே பார்த்த கையோடு, மடலின் மேற்குழிவில் விரலை வைத்து அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். நோய் உள்ளே இருக்க, வெளியே அழுத்துவதால் என்ன பயன்?

பதில்: செவித்துளைக்குச் சற்று மேலே, பின்பக்கம் தள்ளி, மடலில் விரல்நுனி அடங்கும் அளவுக்கு ஒரு குழிவு இருக்கிறது. அதற்கு நேர் உள்ளே, காதைச் சூழ்ந்த மண்டையோட்டு எலும்பாகிய டெம்போரல் எலும்பின் மேற்பரப்பில், ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் வில்லியம் மேக்வனின் (1848–1924) பெயரால் வழங்கும் முக்கோணம் அமைந்துள்ளது. கன்ன வளைவெலும்பின் தொடர்ச்சியாகப் பின்னோக்கி ஓடும் மேடு அதன் மேல் எல்லை. வெளிச் செவிக்குழாயின் எலும்பு வாயின் பின்பக்கத்து மேல் விளிம்பு முன் எல்லை. அதே வாயின் பின்விளிம்பைத் தொட்டு நிற்பதாகக் கொள்ளும் செங்குத்துக் கோடு பின் எல்லை. முன் எல்லையை ஒட்டி, ஹென்லே முள் எனப்படும் சிறு துருத்தல் பலருக்கு உண்டு. சிலருக்கு அது தேடினாலும் அகப்படாது.

இந்த முக்கோணத்தின் ஆழத்தில்தான் காதுக்குப் பின்னுள்ள எலும்பாகிய மாஸ்டாய்டு பகுதியின் பெரிய காற்றறையாகிய ஆன்ட்ரம் இருக்கிறது. அது நடுக்காதோடு நேரடியாக இணைந்திருப்பதால், நடுக்காதுச் சீழ் எலும்பைத் தாக்கத் தொடங்கினால், இந்த இடத்தில் அழுத்தும்போது வலி எடுக்கும். மடலுக்குப் பின்னால் கீழே உருண்டு நிற்கும் மாஸ்டாய்டு முனை கைக்கு எளிதில் தட்டுப்படும் என்றாலும், ஆன்ட்ரத்தின் இடம் அதுவன்று. மடலை இழுத்தாலோ, துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டை அழுத்தினாலோ வலி மிகுந்தால், பெரும்பாலும் குழாயின் தோலில்தான் கோளாறு.

அறுவை மருத்துவருக்கோ இந்த அடையாளங்கள் இன்னும் இன்றியமையாதவை. பெரியவர்களுக்கு ஆன்ட்ரம் மேற்பரப்பிலிருந்து 12 முதல் 15 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். மேலே சொன்ன மேடு, மூளை அமர்ந்திருக்கும் தளத்தின் மட்டத்தை ஏறத்தாழக் காட்டுவதால், ஆன்ட்ரத்தை அடைய எலும்பைத் துளைப்பவர் அதற்குக் கீழேயே நிற்க முயல்வார். பின்னால் பெரிய சிரைக்கால்வாயும், உள்ளே முக நரம்பும் காத்திருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு இந்த ஆழம் சுமார் 2 மில்லிமீட்டர் மட்டுமே. மாஸ்டாய்டு முனையும் அப்போது வளர்ந்திராததால், எலும்பைவிட்டு வெளிவரும் முக நரம்பு தோலுக்கு மிக அருகில் கிடக்கும். ஆகவேதான் கைக்குழந்தைகளுக்குக் காதின் பின்னே கீறும்போது, கீறலைக் கீழ்நோக்கி நீட்டாமல் சற்றுக் கிடைமட்டமாக, மேலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.