நாலில் மாட்டினவன்

அன்புள்ள சார்,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வாய்ப்பாட்டை விளையாட்டாக்கிப் பார்த்தேன். வட்டமாக நிற்க வேண்டும், தப்பாகச் சொன்னால் அவுட். வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் சுற்றிலேயே உட்காருவது எப்போதும் அதே நாலைந்து பேர். விளையாட்டால் கணக்கு வரும் என்பதெல்லாம் சும்மாவா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

சும்மா இல்லை. நீங்கள் நடத்துவதுதான் விளையாட்டு இல்லை, விசில் ஊதி நடத்தும் பரீட்சை. யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ, அவன் முதலில் உட்கார்ந்து மிச்ச நேரம் வேடிக்கை பார்க்கிறான். (நானும் அப்படி உட்கார்ந்தவன். பதினாறாம் வாய்ப்பாடு இன்றும் தடுமாறும்.)

இருவருக்கு 21 புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. சீக்கிரம் முடிகிற ஆட்டம். தோற்றவர் உடனே அடுத்ததை ஆடலாம்.

முதலில் குருட்டாம்போக்கில் போகும். அப்புறம் ஒருவன், "நாலு கொட்டை இருக்கிறப்ப என் முறை வந்தா நான் காலி" என்பான். அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. நமக்கு அதுதான் கஷ்டம். எதிராளியை நாலில் மாட்டவைக்க, அதற்கு முன் அவனை எட்டில் நிறுத்த வேண்டும். அதற்கு முன் பன்னிரண்டில். இப்படிப் பின்னாலிருந்தே யோசித்து 20க்கு வந்துவிடுவார்கள். 21ஐ நாலால் வகுத்தால் மீதி ஒன்று. முதலில் ஆடுபவர் எடுக்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான். ஓரத்தில் எழுதி மறந்துவிடுகிற மீதிக்கு அன்றைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

ரகசியம் தெரிந்ததும் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். உடனே 24 கொட்டை வைத்து, நாலு வரை எடுக்கலாம் என்று மாற்றுங்கள். நாலாம் வாய்ப்பாட்டையே பிடித்துக்கொண்டிருப்பவர், "நான் முதல்ல ஆட மாட்டேன்" என்பார். காரணம் புரிந்தவர், இனி ஐந்தைந்தாகத்தான் எண்ண வேண்டும் என்று நாலை எடுத்து 20இல் நிறுத்துவார். யாருக்குப் புரிந்தது என்று பார்க்கத் தனியாகத் தாள் திருத்த வேண்டியதில்லை.

தலைமையாசிரியர் முகம் சுளித்தால் ஒன்று சொல்லுங்கள். பல குவியல்களை வைத்து ஆடும் இதன் அண்ணனுக்கு 'நிம்' என்று பெயர் வைத்து, வெல்லும் வழி முழுவதையும் கணிதக் கட்டுரையாக 1901இல் வெளியிட்டவர் ஹார்வர்டைச் சேர்ந்த சார்லஸ் பூட்டன்.

கொட்டையை மட்டும் எண்ணி வாங்குங்கள். மறுநாள் 21 இருக்காது. 19தான் தேறினால், முதலில் ஆடுபவர் எத்தனை எடுப்பார் என்று அந்த நாலைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள்.