சரக்கு எஞ்சின்களின் நிறமும் முகமும்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: கல்யாண் நடைமேடையில் நின்று சரக்கு எஞ்சின்களைப் படமெடுப்பது என் மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் வழக்கம். பச்சை நிற டபிள்யூஏஜி-9 தான் அழகு என்கிறான் ஒருவன். சரக்கு வண்டிக்கு அந்த நிறமே பொருந்தாது என்கிறான் இன்னொருவன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே அழுக்காகத்தான் தெரிகின்றன. எது சரி?
— ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: அம்மா, மூவரில் உண்மைக்கு மிக அருகில் இருப்பவர் தாங்கள்தான். சரக்கு எஞ்சினின் நிறத்தைத் தொழிற்சாலை வாசலில் வைத்து எடை போடக்கூடாது. இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ஏபிபி நிறுவனத்திடமிருந்து 1996-இல் முதன்முதலாக வந்து, பின்னர் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் கட்டப்பட்ட 6,120 குதிரைத்திறன் கொண்ட மின்சார எஞ்சினான டபிள்யூஏஜி-9, பச்சை உடலும் அதன் குறுக்கே வெளிர்மஞ்சள் பட்டையுமாக அறிமுகமானது. பிரேக் கட்டைகள் தேய்ந்து எழும் இரும்புத் துகளையும் கூரையிலிருந்து வழியும் கரியையும் பச்சை ஓரளவு மறைத்துவிடுகிறது. பட்டையோ சில மாதங்களிலேயே காப்பி வடிகட்டிய துணிபோல் ஆகிவிடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பயணிகள் எஞ்சின் டபிள்யூஏபி-7-இன் வெள்ளை உடலைச் சரக்கு எஞ்சினுக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பச்சையை எதிர்ப்பவர்களிடமும் நியாயம் உண்டு. ஆடி, ஆவணியில் கசாரா மலைப்பாதை முழுவதும் பசுமை போர்த்தி நிற்கும்போது, பச்சை எஞ்சின் அந்தப் பின்னணியில் கரைந்துபோகிறது. படம் எடுப்பவருக்கு அது ஏமாற்றம். தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் தொழிலாளிக்கு அது ஆபத்து. ஆகவே உடல் எந்த நிறத்தில் இருந்தாலும், முகத்தில் மட்டும் பளிச்சென்ற மஞ்சள் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

மூத்த ரசிகர்களின் வருத்தம் வேறு. 1992-இல் அறிமுகமான டபிள்யூஏஜி-7 போன்ற எஞ்சின்களுக்கு ஒவ்வொரு பணிமனையும் தனக்குப் பிடித்த நிறத்தைப் பூசிவந்ததால், பக்கவாட்டில் எழுதியிருக்கும் பணிமனையின் பெயரைப் படிப்பதற்கு முன்பே, எஞ்சின் எந்த ஊர்க்காரன் என்று தொலைவிலிருந்தே சொல்லிவிட முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் என்று வந்தால் அந்த விளையாட்டு போய்விடும். நானும் அவர்கள் கட்சிதான்.

கேள்வி: ஒரு முனையில் மட்டும் ஓட்டுநர் அறை கொண்ட டபிள்யூடிஜி-4 டீசல் எஞ்சினுக்குத்தான் கம்பீரம் என்பேன். அதற்கு இரண்டு அறை வைத்து உருவத்தையே கெடுத்துவிட்டார்கள் அல்லவா?
— ஒரு வாசகர், செம்பூர்

பதில்: வெளியில் நின்று பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைத்து 1999-இல் இங்கு வந்த, பின்னர் வாரணாசியில் கட்டப்பட்ட அந்த 4,000 குதிரைத்திறன் எஞ்சின், அறை முன்னே இருக்கும்படி ஓடும்போது எந்தத் தொல்லையும் தருவதில்லை. திசை மாறி, நீண்ட எஞ்சின் கூடு முன்னே வரும்படி ஓட்ட நேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லோகோ பைலட், அதாவது ஓட்டுநர், அந்தக் கூட்டின் முழு நீளத்தையும் தாண்டித்தான் பாதையைப் பார்க்கவேண்டும். வளைவில் ஒரு பக்கத்துச் சிக்னல் அவருக்கு மறைந்துவிடும். அப்போது உதவி லோகோ பைலட்டின் கண்களே அவருக்கும் கண்கள். சிக்னலைக் கண்டதும் இருவரும் ஒருவருக்கொருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தின் அருமை அங்கேதான் விளங்கும். இந்தக் குறையைப் போக்கத்தான் முதலில் பயணிகள் வகையான டபிள்யூடிபி-4டி-யிலும், அடுத்துச் சரக்கு வகையான டபிள்யூடிஜி-4டி-யிலும் இரு முனையிலும் அறை வைத்தார்கள். உருவம் கெட்டது என்றே வைத்துக்கொண்டாலும், கெட்டது நமக்குத்தான்.

முன்கண்ணாடியின் கம்பி வலையைப் பற்றியும் ரசிகர்கள் இப்படித்தான் குறைப்படுகிறார்கள். அது கல்வீச்சிலிருந்து காப்பதற்காகப் போடப்பட்டது. அது இல்லாத முகம் அழகுதான், உள்ளே உட்காருவது நாமாக இல்லாதவரை.

பீகாரின் மாதேபுராவில் கட்டப்பட்டு 2020-இல் ஓடத் தொடங்கிய 12,000 குதிரைத்திறன் டபிள்யூஏஜி-12பி-யைப் பற்றிப் பேசும்போது பலரும் அதன் ஐரோப்பிய முகச்சாயலையே பேசுகிறார்கள். குளிரூட்டிய ஓட்டுநர் அறைதான் அதில் எனக்குப் பெரிய செய்தி. கர்ஜத்திலிருந்து லோனாவ்ளா வரை 37-க்கு 1 என்ற ஏற்றத்தில், அதாவது 37 அடி போனால் ஓர் அடி உயரும் பாதையில், சரக்கு வண்டியின் வாலில் நின்று தள்ளும் எஞ்சினின் ஓட்டுநருக்குக் கண்ணெதிரே கடைசி வேகனின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. அவருக்கு எஞ்சினின் நிறமா முக்கியம்?

கேள்வி: மும்பையில் பழைய சரக்கு எஞ்சினை எங்கே பார்க்கலாம்?
— ஒரு மாணவர், தாராவி

பதில்: சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில், பி.டிமெல்லோ சாலைப் பக்கமுள்ள பாரம்பரியப் பகுதியில் 'சர் லெஸ்லி வில்சன்' என்ற டபிள்யூசிஜி-1 வகை மின்சாரச் சரக்கு எஞ்சின் நிற்கிறது. 1928 முதல் அந்நாளைய ஜிஐபி (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேக்கு வந்த 41 எஞ்சின்களில் அது ஒன்று. மராத்தியில் நண்டு என்று பொருள்படும் 'கேக்டா' என்பது அதன் செல்லப்பெயர். இரு பக்கமும் நீண்ட மூக்கு, நடுவில் அறை. செம்பூர் வாசகரும் தங்களுடன் வரலாம். அந்த மூக்கைத் தாண்டி ஓட்டுநர் எதைப் பார்த்திருக்க முடியும் என்று அறையின் சன்னல் உயரத்தை வைத்து இருவரும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.