எட்டிப் பிடித்தவருக்கு ஒரு வாக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் மூலம் ஒரு கணினிப் பேஸ்போல் லீக்கில் சேர்ந்தேன். ‘அவுட் ஒஃப் த பார்க்’ என்ற விளையாட்டு. அணிகளை நாங்கள் நடத்துவோம், ஆட்டத்தைக் கணினி ஆடும். வீரர்கள் எல்லோரும் கற்பனை ஆட்கள். இந்த முறை பருவ முடிவு விருதுகளைப் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. அதிபெறுமதி வீரர் விருதுக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் முதலிடம் வந்த அணியின் அடிகாரர், 43 ஹோம் ரன், எங்கள் சிக்ஸர் மாதிரி. மற்றவர் நான்காம் இடத்து அணியின் ஷோர்ட்ஸ்டொப், அதாவது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்கிற தடுப்பாளர். அடி சுமார், தடுப்பு நல்லம். வென்ற அணிக்காரருக்குத்தானே கொடுக்க வேண்டும்? தடுப்பில் சிறந்தவருக்கான தங்கக் கையுறை விருதை நீக்கிவிட்டோம். தடுப்புக் கணக்குக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ‘இல்லாத மனிசருக்கு விருதா’ என்று அண்ணா சிரிக்கிறார். நீங்கள் பள்ளியில் எல்லே விளையாடியதாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணா சிரித்தால் சிரிக்கட்டும். 1961இல் ஹால் ரிச்மன் என்ற அமெரிக்கர் அட்டையையும் தாயக்கட்டையையும் வைத்து ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்று இதே வேலையைத் தொடங்கினார். நீங்கள் ஆடுகிற கணினி விளையாட்டை 1999இல் வெளியிட்டவர் மார்க்குஸ் ஹைன்ஸோன், ஜெர்மன்காரர். உதைபந்தாட்டத்தில் ஊறிய நாட்டில் இருந்து ஒருவர் அதைச் செய்யலாம் என்றால், களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒருவர் அதை ஆடலாம். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது வேறு ஒரு வரி. ‘அந்தப் பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை.’ இதை நீங்கள் ஒரு காரணமாக எழுதியிருக்கிறீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் பக்கத்தில் நடந்த மென்பந்துச் சுற்றுப்போட்டியின் அறிவித்தலைப் பார்த்த நாளில் இருந்து இதே விடயம் என் மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருக்கிறது. ஆட்டநாயகன், தொடர் நாயகன், சிறந்த துடுப்பாட்ட வீரர், சிறந்த பந்துவீச்சாளர், கூடிய சிக்ஸர் அடித்தவர் என்று பரிசுகள் வரிசையாக இருந்தன. களத்தடுப்புக்கு ஒன்றும் இல்லை. விசாரித்தேன். அனுசரணையாளர் கிடைக்கவில்லையாம்.

வென்ற அணியைப் பற்றிக் கேட்டீர்கள். 1987ஆம் ஆண்டை எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்போல் லீக்குகளில் ஒன்றான நஷனல் லீக்கில் அதிபெறுமதி வீரர் விருது ஆண்ட்ரே டோஸனுக்குப் போனது. 49 ஹோம் ரன் அடித்தார், 137 ஓட்டங்களைக் கொண்டுவந்தார். அவருடைய சிக்காகோ கப்ஸ் அணி தன் பிரிவில் கடைசி. இரண்டாமிடம் வந்தவர் ஓஸி ஸ்மித், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஷோர்ட்ஸ்டொப். அவருடைய அணி அந்த லீக்கையே வென்றது. அவர் அந்த வருடம் அடித்த ஹோம் ரன் பூச்சியம். ஆனால் அடி சராசரி .303, அதாவது பத்துத் தடவைக்கு மூன்று நல்ல அடி, தங்கக் கையுறையும் அவருக்குத்தான். 1980இல் இருந்து 1992 வரை அதை ஒரு வருடமும் விடாமல் 13 தடவை வாங்கியவர். டோஸன் நல்ல வீரர், அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ‘வென்ற அணிக்குத்தான்’ என்கிற நியாயம் அந்த வருடம் எங்கே போனது? ஹோம் ரன் அடித்தவர் கடைசி அணியில் இருந்தபோது அந்த நியாயத்தைக் கைவிட்டார்கள். உங்கள் லீக்கில் ஹோம் ரன் அடித்தவர் முதல் அணியில் இருக்கிறார், அதனால் அதே நியாயத்தைக் கையில் எடுக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் முதலில் தீர்மானமானது ஹோம் ரன்தான். நியாயத்தைப் பிறகு தேடிக்கொண்டீர்கள்.

அந்த விருதைக் கொடுக்கிற அமெரிக்கப் பேஸ்போல் எழுத்தாளர் சங்கம் 1931இல் வாக்காளருக்கு எழுதிய விதி இன்றும் மாறவில்லை. வீரர் தன் அணிக்குத் தந்த உண்மையான பெறுமதியைப் பார்க்கச் சொல்கிறது, அடியின் பலமும் தடுப்பின் பலமும் அதற்குள் வரும் என்று அதிலேயே இருக்கிறது. வென்ற அணியில் இருந்துதான் ஆளைத் தெரிய வேண்டும் என்று இல்லை. அடியை மட்டும் எண்ணுகிறவர் விதியில் பாதியைத்தான் வாசிக்கிறார்.

வாசிக்காமல் வாக்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1999 சாட்சி. ரஃபேல் பால்மேய்ரோ அந்தப் பருவத்தில் முதல் தளத்தில் தடுப்புக்கு நின்றது வெறும் 28 ஆட்டங்கள். மற்ற நாட்களில் பெரும்பாலும் அடிக்க மட்டும் வந்தார். முதல் தளத்துக்கான தங்கக் கையுறையை அவருக்கே கொடுத்தார்கள். வாக்களித்தவர்கள் பார்வையாளர்கள் என்றால்கூடப் பரவாயில்லை, முகாமையாளர்களும் பயிற்றுநர்களும் அவர்கள். முந்தைய வருடங்களில் வாங்கிய பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள். 2013இல் இருந்துதான் அந்த விருதில் கால்வாசி அளவுக்குப் புள்ளிவிபரத்தையும் சேர்த்தார்கள்.

எல்லேயைப் பற்றிக் கேட்டீர்கள். மூங்கில் பொல்லு, டெனிஸ் பந்து, அடிக்க மூன்று வாய்ப்பு, அடித்ததும் ஓட்டம். பந்தைப் பிடித்தாலும் ஆட்டமிழப்பு, ஓடுகிறவளுக்குப் பந்தால் எறிந்து பட்டாலும் ஆட்டமிழப்பு. பேஸ்போல் எனக்கு விளங்கியது அதன் வழியாகத்தான். எங்கள் அணியில் ஒருத்தி மைதானத்தின் கடைக்கோடியில் நிற்பாள். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு இறுதிப்போட்டி. அவள் அடிக்கிறவளின் காலைப் பார்ப்பாள். பொல்லு அசைய முன்னரே இரண்டு எட்டு நகர்ந்துவிடுவாள். பந்து நேரே அவள் கைக்கு வரும். அதனால் அவள் பிடித்ததெல்லாம் இலகுவான பிடிகள் மாதிரித் தெரிந்தன. பிந்தி ஓடி, பாய்ந்து, புழுதியில் விழுந்து பிடித்தவளுக்கு மைதானமே கைதட்டியது. முந்திப் போய் நின்றவளுக்கு ஒரு சத்தமும் இல்லை. சிறந்த வீராங்கனைக் கிண்ணம் அதிகம் அடித்தவளுக்குப் போனது. பரிசைத் தீர்மானித்த பெரியவர் ஒருவர், ‘அந்தப் பிள்ளை சும்மா நிண்டதுதானே’ என்று எங்கள் காதுபடச் சொன்னார். பஸ்ஸில் நான் அவளைத் தேற்ற, ‘ஆறு பிடி பிடிச்சிருக்காய், மறுகா என்ன?’ என்றேன். ‘ஏழு கா’ என்றாள். பிறகு கல்லடிப் பாலம் வரும்வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், யார் அடித்தது, எந்தப் பக்கம் போனது, வெயில் கண்ணில் பட்டதா இல்லையா என்று. அந்தக் கணக்கு ஒரு கொப்பியிலும் இல்லை. எழுத அங்கே ஆள் இல்லை.

உங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை தம்பி. உங்கள் லீக்கில் ஒரு பந்துகூடக் கணக்குத் தப்புவதில்லை. பேஸ்போலின் ஸ்கோர் அட்டைக்கு வடிவம் கொடுத்த ஹென்றி சாட்விக், 1824இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆட்கள் கையால் எழுதி எழுதித்தான் அந்த வழக்கம் வளர்ந்தது. உங்களுக்கு அது திரையில் சும்மா வந்து விழுகிறது, நீங்கள் திறக்க மாட்டோம் என்கிறீர்கள். அடிகாரரின் ஹோம் ரன்னை 43 என்று எண்ணி எழுதிய உங்களுக்கு ஷோர்ட்ஸ்டொப்பைப் பற்றி எழுத ‘தடுப்பு நல்லம்’ என்ற இரண்டு சொல்தான் கிடைத்ததா?

தடுப்பில் விட்ட பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். எட்டாத பந்துக்குப் பிழை எழுதுவதில்லை. மெதுவாக நகர்கிறவரின் கணக்கு அதனால் துப்புரவாக இருக்கும். மற்றவர் தொடவே முடியாத பந்தைத் துரத்திப் போய்த் தொடுகிறவருக்குத்தான் பிழையும் விழும். உங்கள் விளையாட்டிலேயே ஸோன் ரேட்டிங் என்று ஒரு நிரல் இருக்கிறது. அவர் நின்ற இடத்துக்கு வந்த பந்துகளில் எத்தனையை ஆட்டமிழப்பாக மாற்றினார் என்பதற்கான அளவு அது. அதை வாசியுங்கள். ஷோர்ட்ஸ்டொப்புக்கு மற்ற இடங்களை விடப் பந்து கூட வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கணினியே விருதைத் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். வாக்கெடுப்பு நல்லது, வாசித்தவர்கள் வாக்களித்தால். தங்கக் கையுறையை இந்தப் பருவத்துக்கே திரும்பக் கொண்டுவாருங்கள், அதன் வாக்கெடுப்பை முதலில் நடத்துங்கள். பெரிய விருதுக்குச் சங்கத்தின் முறையையே எடுக்கலாம்: பத்துப் பெயர், முதலாமவருக்கு 14 புள்ளி, இரண்டாமவருக்கு 9, மூன்றாமவருக்கு 8, அப்படியே ஒன்று வரை. தன் அணிக்காரருக்கு யாரும் வாக்களிக்கக் கூடாது. முதலாவதாக எழுதுகிற பெயருக்குக் கீழே அவருடைய தடுப்பைப் பற்றி இரண்டு வரியாவது எழுத வேண்டும். எழுதாத வாக்கு செல்லாது என்று இப்போதே அறிவித்துவிடுங்கள். இரண்டு பேரையும் இப்படி முழுதாக வாசித்த பிறகும் அடிகாரர்தான் என்று வந்தால் அவருக்கே கொடுங்கள், எனக்குக் குறை இல்லை. மச்சான் மறுத்தால் என்னோடு பேசச் சொல்லுங்கள்.