வேறு வேறு சேர்வர்களில் உள்ள தரவுத்தளங்களுக்கு இடையே தரவைப் பிரதியெடுக்க லிங்க்ட் சேர்வர் போதுமா?

புறக்கோட்டைக் கடையின் எஸ்கியூஎல் சேர்வரில் உள்ள விற்பனை, வாடிக்கையாளர் அட்டவணைகளை மட்டும் ஒவ்வோர் இரவும் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சேர்வர் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் தரவுத்தளங்களைப் பராமரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: லிங்க்ட் சேர்வர், அதாவது ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றின் தரவை நேரடியாகக் கேட்க உதவும் இணைப்பு வசதி, போதும். ஆனால் தரவைக் கடையிலிருந்து தள்ளாமல், பெறும் சேர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள்.

தொலைவில் உள்ள அட்டவணையில் இன்சர்ட் செய்தால், அதாவது புதிய நிரைகளைச் சேர்த்தால், அது பெரும்பாலும் நிரை நிரையாகவே நடக்கும். ஒவ்வொரு நிரைக்கும் கடல் தாண்டிப் போய் வந்தால் பொழுது விடிந்துவிடும். மாறாக, பெறும் பக்கத்திலிருந்து வினவலை அப்படியே மறு சேர்வருக்கு அனுப்பி அங்கேயே ஓடவைக்கும் ஓபன்குவரி மூலம் கேட்டால், வடிகட்டும் வேலை கடைச் சேர்வரிலேயே முடிந்து, தேவையான நிரைகள் மட்டும் வந்து சேரும். அவற்றை முதலில் ஒரு இடைநிலை அட்டவணையில் இறக்கிவிட்டு, உண்மையான அட்டவணைக்கு மாற்றும்போது மட்டும் டிரான்சாக்ஷன் (முழுதாக முடியும், இல்லையேல் எதுவுமே நடக்காத வேலைத் தொகுதி) திறவுங்கள். இரண்டு சேர்வர்களையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் எழுதினால் பல சேர்வர்களின் டிரான்சாக்ஷனை ஒருங்கிணைக்கும் விண்டோஸ் சேவையான எம்எஸ்டிடிசி தேவைப்படும். அதற்காக ஃபயர்வாலில் எஸ்கியூஎல் சேர்வரின் வழக்கமான 1433 தவிர வேறு போர்ட்டுகளையும் திறக்க வேண்டிவரும். அது வேண்டாத தலைவலி.

தமிழ்ப் பெயர்களில் மிகவும் கவனமாக இருங்கள். விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி கோட் பேஜ் (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) எதுவும் இல்லாததால், பெறும் அட்டவணையின் நிரல் (கொலம்) அந்தக் கோட் பேஜை நம்பியிருக்கும் சாதாரண வார்ச்சார் வகையாக இருந்தால் 'சிவகாமி' என்ற பெயர் ஏழு கேள்விக்குறிகளாக விழும். நாம் நான்கு எழுத்தாக எண்ணுவதை, உயிர்க்குறிகளையும் சேர்த்து, கணினி ஏழாக எண்ணுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, விழுந்த பெயரை அந்தப் பிரதியிலிருந்து மீட்கவும் முடியாது. ஆகவே யூனிகோட் எழுத்துகளை ஏற்கும் என்வார்ச்சார் வகையையே வையுங்கள். எஸ்கியூஎல் சேர்வர் 2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 கொலேஷன் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் அமைப்பு) வார்ச்சாரிலும் தமிழை ஏற்கும்தான், ஆனால் அங்கே நீளம் பைட்டில் கணக்கிடப்படுவதால் அதே பெயருக்கு 21 பைட் வேண்டும், 20 என்று அறிவித்த நிரல் போதாது.

மாறிய நிரைகளை மட்டும் எடுக்க, திருத்திய நேரத்தை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. சிங்கப்பூரில் உள்ளது போன்ற முகில் சேர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். நம்முடையது அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. நிரை மாறும்போதெல்லாம் தானாகக் கூடும் எண்ணைக் கொண்ட ரோவெர்ஷன் நிரலில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனாலும், இன்னும் கமிட் ஆகாத (டிரான்சாக்ஷன் முடிந்து உறுதியாகாத) நிரைகள் தவறிப்போகாதிருக்க, மின் ஆக்டிவ் ரோவெர்ஷன் என்ற செயற்கூறு தரும் எண்ணுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எடுங்கள்.

நீக்கப்பட்ட பற்றுச்சீட்டுகளை ரோவெர்ஷன் காட்டாது. அவற்றுக்குக் கடைச் சேர்வரில் எந்த நிரை சேர்ந்தது, மாறியது, நீங்கியது என்று குறித்துவைக்கும் சேஞ்ச் டிராக்கிங்கை இயக்க வேண்டும். அது மாற்றங்களை இயல்பாக 2 நாள் மட்டுமே வைத்திருக்கும். போயா விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்து, இடையில் இணைப்பும் அறுந்தால் அந்தக் காலம் கடந்துவிடும் என்பதால், அதை 7 நாளாக உயர்த்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.